கோழி வளர்ப்போம், கிணற்றையும் காப்போம்

மீள்குடியேறிய கிராமங்களில் பெண்கள் கையிலெடுத்த தொழில்களுள் கோழி வளர்ப்புக்கு முக்கிய இடமுண்டு. வளவை விட்டு வெளியே போகத் தேவையில்லை. பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொண்டே செய்யலாம். கூடு கட்டுவது, தீன் வைப்பது, தடுப்பு மருந்து கொடுப்பது பற்றியெல்லாம் பயிற்சி கிடைக்கிறது. கூட்டில் சேரும் எச்சத்தையும் செத்த கோழியையும் என்ன செய்வது என்பது மட்டும் பெரும்பாலும் பயிற்சியின் கடைசியில், எல்லோரும் எழும்பும் நேரத்திலேயே சொல்லப்படுகிறது. ஆனால் பல வீடுகளில் தொழில் குழம்புவது அந்த இடத்தில்தான்.

பத்துக் கோழி நிற்கும்வரை பிரச்சினை தெரியாது. நூறு முட்டைக் கோழிகள் நாளொன்றுக்குப் பத்துக் கிலோவுக்குக் குறையாத ஈர எச்சத்தைப் போடும். மாரி தொடங்கியதும் நாற்றமும் இலையானும் வேலியைத் தாண்டும். அயலவர் முறைப்பாடு செய்வார். ஆண் துணையில்லாத வீடென்றால் அது வாய்த்தர்க்கமாகி, வேறு பழைய கோபங்களும் சேர்ந்துவிடும். ‘ஏன் வீண் வம்பு’ என்று கோழிகளை அரைவிலைக்கு விற்றுவிட்டு ஒதுங்கிய சகோதரிகளை நாம் கண்டிருக்கிறோம். கடன் மட்டும் ஒதுங்காமல் நிற்கும்.

எச்சம் குப்பையல்ல

ஆழ்கூள முறையில் உமி அல்லது மரத்தூளைப் பரப்பி, கிழமைக்கு இரண்டு தடவையாவது கிளறிவிட்டால் எச்சம் காயும், நாற்றம் குறையும். தண்ணீர்ப் பாத்திரம் சிந்தாமல் பார்ப்பது பாதி வேலையை முடித்துவிடும். நனைந்த கூளத்தை உடனே அகற்றுங்கள்.

அகற்றிய கூளத்தைக் காய்ந்த இலை, வைக்கோல் ஆகியவற்றோடு அடுக்காகக் குவித்து, மழை படாமல் கிடுகால் மூடுங்கள். குவியலின் உட்பகுதி நன்றாகச் சூடேற வேண்டும். அந்தச் சூட்டில்தான் நோய்க்கிருமிகள் அழிகின்றன. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை புரட்டினால் இரண்டு மூன்று மாதத்தில் கூட்டெரு கிடைக்கும். பச்சை எச்சத்தைப் பயிருக்கு நேரே போட்டால் வேர் கருகும். பதப்பட்ட எருவை வாழை, வெங்காயம், மரக்கறி செய்பவர்கள் விரும்பி வாங்குவார்கள்.

குவியல் கிணற்றிலிருந்து குறைந்தது நூறு அடி தள்ளி, மழைநீர் கிணற்றுப் பக்கம் ஓடாத இடத்தில் இருக்கட்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். மேலே விடும் கழிவு விரைவாகக் கீழிறங்கும். எருவிலிருந்து இறங்கும் நைத்திரேற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் போகாது. புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைக்கு அது ஆபத்தானது.

கோழி செத்தால்

செத்த கோழியைக் குளத்திலோ வாய்க்காலிலோ பற்றைக்குள்ளோ எறிவது நாயையும் நோயையும் வீட்டுக்கு அழைப்பதாகும். கிணற்றுக்குத் தூரத்தில் இரண்டு மூன்று அடி ஆழத்தில் புதைத்து, சுண்ணாம்பு தூவி, மண்ணிட்டு, மேலே கல் வையுங்கள். பின்னர் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். ஒரே நேரத்தில் பல கோழிகள் செத்தால் கறியாக்கவோ விற்கவோ வேண்டாம். உடனே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் நோய் பரவாமல் தடுப்பதற்காகவே இயற்றப்பட்டது.

ஊசிகளை மூடியுள்ள தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் சேர்த்து வைத்து, எங்கே ஒப்படைப்பதென்று அதே அலுவலகத்தில் கேளுங்கள். தடுப்பு மருந்துப் போத்தல்கள் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகக் கூடாது.

தோண்டுமுன், கொளுத்துமுன்

எமது மண்ணுக்கென்றே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. வடக்கில் 2002ஆம் ஆண்டின் பின்னர் தொடங்கிய கண்ணிவெடி அகற்றும் பணி, போர் முடிந்து பல ஆண்டுகளாகியும் தொடர்ந்தது. வெடிக்காத செல் மண்ணுக்குள் கிடந்தால், மேலே மூட்டும் குப்பைத் தீயின் சூடே அதை வெடிக்கச் செய்யலாம். மண்வெட்டி பட்டாலும் அதே ஆபத்துத்தான். எனவே ஏற்கெனவே பயிரிட்டுப் பழகிய, துப்புரவு செய்யப்பட்டதென உறுதியான இடத்தில் மட்டும் குழி வெட்டுங்கள். புதிதாகப் பற்றை வெட்டிய மூலையில் வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ சொல்லுங்கள்.

தீன் பைகளைக் கொளுத்துவதும் சரியல்ல. பிளாஸ்ரிக் உட்படக் குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது 2017ஆம் ஆண்டு வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. பைகளைக் கழுவி எரு நிரப்பி விற்கலாம்.

சட்டத்தைக் கேட்டு வைப்போம்

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், குறித்த அளவுக்கு மேற்பட்ட பண்ணைகளுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். 2008ஆம் ஆண்டுப் பட்டியலில் அந்த எல்லை 250 கோழிகளாக இருந்தது. பட்டியல் பின்னர் திருத்தப்பட்டிருப்பதால், கோழிகளைக் கூட்டுமுன் பிரதேச சபையிலோ மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். கோழியை உரித்து விற்பது வேறு தொழில். அதற்குப் பிரதேச சபையிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முதலிலேயே பேச வேண்டும்.

சிறிய அளவில் வளர்ப்பவரும் அயலவருக்குத் தொல்லை கொடுத்தால் வழக்கைச் சந்திக்க நேரலாம். பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் பயப்பட வேண்டாம். கூட்டையும் எருக் குவியலையும் காட்டுங்கள். திருத்தச் சொன்னால் என்ன, எத்தனை நாளுக்குள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தனியே நிற்கத் தயக்கமென்றால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒருவரைக் கூட அழையுங்கள்.

இன்றே செய்யக்கூடியவை மூன்று. கூட்டுக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை அளவுங்கள். ஈரமான கூளத்தை மாற்றுங்கள். பக்கத்து வீட்டாரிடம் ‘நாற்றம் வருகிறதா?’ என்று நீங்களே முந்திக் கேளுங்கள். எருவில் ஒரு பை அவர்களின் மரக்கறித் தோட்டத்துக்கும் போகட்டும். முறைப்பாடு எழுத நினைத்த கை அதை வாங்கிக்கொள்ளும்.