எல்.டபிள்யூ.என்.

எல்.டபிள்யூ.என். என்பது லினக்ஸ் இயங்குதளம், கட்டற்ற மென்பொருள் ஆகியவை குறித்த செய்திகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் வெளியிடும் ஆங்கில இணைய இதழ் ஆகும். ‘லினக்ஸ் வீக்லி நியூஸ்’ என்ற தொடக்ககாலப் பெயரின் சுருக்கம் இது. ஜொனாதன் கார்பெட், எலிசபெத் கூல்பா ஆகிய இருவரும் 1998 சனவரியில் அமெரிக்காவில் இதைத் தொடங்கினர். வாரப்பதிப்பு வியாழக்கிழமைதோறும் வெளிவருகிறது. நிரலர்களும் கணினி நிர்வாகிகளுமே பெரும்பான்மை வாசகர்கள்.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் செய்யப்படும் மாற்றங்கள் ஒளிவுமறைவின்றி மின்னஞ்சல் வழியே விவாதிக்கப்படுகின்றன. யாரும் படிக்கலாம். ஆனால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான அஞ்சல்கள் வந்து குவியும்போது, வேலையில் இருக்கும் ஒருவரால் அவற்றைப் படித்து முடிக்க இயலாது. எந்த மாற்றத்தை யார் முன்வைத்தார், யார் எதற்காக எதிர்த்தார், எது ஏற்கப்பட்டது என்பதைப் படித்து, பின்னணியுடன் எழுதித் தருவதே இவ்விதழின் முதன்மைப் பணி. கார்பெட் வெளியிலிருந்து பார்த்து எழுதும் செய்தியாளர் அல்லர். லினக்ஸ் சாதன இயக்கிகள் பற்றிய புகழ்பெற்ற நூலின் ஆசிரியர்களுள் ஒருவர், கர்னலின் ஆவணங்களைப் பராமரிப்பவரும் கூட.

இந்த வாசிப்பின் பயன் 2017 இறுதியில் தெரிந்தது. கர்னலின் நினைவகப் பகுதியைப் பயனர் நிரல்களின் பார்வையிலிருந்து மறைக்கும் மாற்றம் ஒன்று அப்போது முன்வைக்கப்பட்டது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ‘கைசர்’ என்ற திட்டமே அதற்கு அடிப்படை. கணினியின் வேகத்தைக் குறைக்கும் இத்தகைய பெரிய மாற்றம் ஏற்கப்படுவதற்கு நெடுங்காலம் ஆவதே வழக்கம். இதுவோ சில வாரங்களில் உள்ளே வந்தது. பழைய பதிப்புகளுக்கும் கொண்டுசெல்ல ஏற்பாடு நடந்தது. நவம்பரிலேயே இம்மாற்றத்தை விளக்கியிருந்த எல்.டபிள்யூ.என்., டிசம்பரில் வெளியிட்ட கட்டுரையில், இந்த அவசரம் ஏதோ ஒரு பாதுகாப்புச் சிக்கலுக்கான தீர்வு கெடுவுக்குள் தயாராவதைப் போல இருக்கிறது எனச் சுட்டியது. 2018 சனவரி 3 அன்று, இன்டெல் நுண்செயலிகளைப் பெருமளவில் பாதித்த ‘மெல்ட்டவுன்’ குறைபாடு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. எல்லோர் கண்முன்னும் கிடந்த அஞ்சல்களைக் கவனமாகப் படித்ததே அந்தக் கணிப்புக்குப் போதுமானதாக இருந்தது.

இத்தகைய எழுத்துக்கு நேரம் பிடிக்கும். எழுதுபவருக்கு ஊதியமும் வேண்டும். விளம்பர வருவாய் போதாமல் 2002 சூலையில் இதழை நிறுத்தப்போவதாக அறிவித்தனர். வாசகர்கள் தாமாகவே நன்கொடை அனுப்பத் தொடங்கியதால் முடிவு மாறியது. அவ்வாண்டே சந்தா முறை வந்தது. சந்தா நிலைகளுள் மிகக் குறைந்ததன் பெயர் ‘பட்டினி ஹேக்கர்’. புதிய கட்டுரைகளை முதலில் சந்தாதாரர்கள் மட்டுமே படிக்க முடியும். வாரப்பதிப்பு வெளியாகி ஒரு வாரம் கழிந்ததும் அவை அனைவருக்கும் திறக்கப்படுகின்றன. அதற்கு முன்பே நண்பருக்குக் காட்ட விரும்பும் சந்தாதாரர், கட்டுரைக்கான தனி இணைப்பை உருவாக்கி அனுப்பலாம். 1998 முதலான பழைய இதழ்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம்.