சாணிக்கு அடியில்

கிருஷ்ணன்கோவிலில் வத்திராயிருப்பு ரோடு பிரிகிற இடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கூட இருந்த கல்லூரித் தம்பி செல்போனை நீட்டினான். மழை பெய்து ஓய்ந்த காலையில் கண்மாய்க் கரையில் எடுத்த வீடியோ. ஒரு கறுத்த வண்டு, முன்னங்கால்களைத் தரையில் ஊன்றி, பின்னங்கால்களால் சாணி உருண்டையைத் தள்ளிக்கொண்டு பின்பக்கமாகவே போகிறது.

“எதுக்கு அண்ணாச்சி இந்தப் பாடு? அங்கனயே உட்கார்ந்து தின்னா என்ன?”

நல்ல கேள்வி. இன்னொரு டீ சொன்னேன்.

சாணி விழுந்த சில நிமிடங்களில் ஈ வந்துவிடும், அதன் பின்னாலேயே வண்டு. காற்றில் வருகிற வாடையைப் பிடிக்க, அதன் உணர்கொம்பின் நுனி விசிறி மாதிரி விரியும். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒன்றரைக் கிலோ யானைச் சாணத்துக்கு 16,000 வண்டுகள் வந்து, இரண்டே மணி நேரத்தில் அத்தனையையும் காலி செய்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 1974-இல் வெளியான கணக்கு அது. அப்படிப்பட்ட நெரிசலில், பாடுபட்டுத் திரட்டிய உருண்டையைப் பக்கத்து வண்டு பறித்துக்கொள்ளும். ஆகவே தன் பங்கை உருட்டிக்கொண்டு சீக்கிரம் விலகிப் போய் மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும். சீக்கிரம் விலக ஒரே வழி, வளையாமல் நேராகப் போவது.

தலைகீழாக நின்று, பின்னால் பார்க்காமல், எப்படி நேராகப் போகிறது? உருண்டைமேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றும். பார்க்க ஆட்டம் மாதிரி இருக்கும். அது வானத்தைப் பார்த்துத் திசை குறித்துக்கொள்கிறது. சூரியன், நிலா, அவற்றின் ஒளி வானில் பரவியிருக்கும் விதம், எல்லாம் அதற்கு அடையாளம். நிலா இல்லாத இரவில்? ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி டாக்கே குழுவினர், தென்னாப்பிரிக்க வண்டு ஒன்றின் தலையில் குட்டி அட்டைத் தொப்பி மாட்டி வானத்தை மறைத்துப் பார்த்தார்கள். வண்டு வழி தவறிச் சுற்றியது. ஜோஹன்னஸ்பர்க் கோளரங்கத்துக்குள் பால்வெளியின் ஒளிப்பட்டையை மட்டும் காட்டினார்கள். நேராகப் போனது. 2013-இல் அதை வெளியிட்டார்கள். சாணிக்குள் பிறந்து வளர்கிற ஓர் உயிர் பால்வெளியைப் பார்த்து நடக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

உருண்டைமேல் ஏறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உச்சி வெயிலில் மணல் சுடும். ஈரச் சாணியோ குளிர்ந்திருக்கும். அதே குழுவினர் வண்டின் கால்களுக்குச் சிலிகான் உறை மாட்டிவிட்டபோது, அது உருண்டைமேல் ஏறுவது குறைந்துபோனது. சித்திரையில் செருப்பில்லாமல் தார்ரோட்டைக் கடந்தவர்களுக்கு இது புரியும்.

“ஆனா தம்பி, உருட்டுற வண்டு கொஞ்சந்தான். வேலையில பெரும்பங்கு உன் வீடியோவுல விழல” என்றேன்.

உலகில் சாணி வண்டு வகைகள் 6,000-க்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை உருட்டுவதே இல்லை. சாணிக்கு நேர் கீழே வளை தோண்டி, பிடி பிடியாக உள்ளே இறக்கிக்கொள்ளும். சில வகைகள் சாணிக்குள்ளேயே குடியிருக்கும். சாணியின் ஓரத்தில் புது மண் குவிந்திருந்தால் அடியில் ஆள் இருக்கிறது என்று பொருள். கொம்புள்ள ஆண் வண்டுகள் அந்த இருட்டுச் சுரங்கத்துக்குள் தள்ளுமுள்ளு நடத்தும். ஓந்தோபேகஸ் டாரஸ் என்ற சிறு வண்டு தன் எடையைப்போல 1,141 மடங்கு இழுத்ததை 2010-இல் அளந்தார்கள்.

யானைக் காடுகளில் ஹீலியோகோப்ரிஸ் என்ற பெரிய வண்டு உண்டு. யானைச் சாணத்தை ஆழத்தில் உருண்டையாக்கி, மேலே மண் பூசி வைக்கும். இந்தியாவில் அப்படித் தோண்டி எடுத்த உருண்டைகளைப் பழைய பீரங்கிக் குண்டுகள் என்றே நினைத்திருக்கிறார்கள்.

உருண்டைக்குள் ஒரே ஒரு முட்டை. புழு உள்ளேயே நாரும் சக்கையுமாகத் தின்று வளரும். வளர்ந்த வண்டின் சாப்பாடு வேறு. டீக்கடைக்காரர் வடிகட்டியைத் தட்டிக் கொட்டியதைத் தம்பிக்குக் காட்டினேன். வண்டின் வாய் அந்த வேலையைத்தான் செய்கிறது: திப்பியை ஒதுக்கிவிட்டு, நுண்ணுயிர்கள் நிறைந்த சாற்றை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்கிறது.

இதனால் நமக்கு என்ன என்றால், பால்கோவாவிலிருந்து தொடங்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பால் வேண்டும், பாலுக்கு மாடு. தொழுவத்துச் சாணியை நாம் அள்ளிவிடுகிறோம். மேய்ச்சல் தரையில் விழுவதை அள்ளுவது இந்த வண்டுகள். உரம் வேர் இருக்கும் ஆழத்துக்கு இறங்குகிறது, வளை வழியாக மழைநீர் இறங்குகிறது, ஈ முட்டையிட இடம் குறைகிறது. வண்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியா அனுபவித்தது. 1788-இல் ஆங்கிலேயர் மாடுகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கிருந்த வண்டுகள் கங்காருவின் உலர்ந்த புழுக்கைக்குப் பழகியவை. மாட்டுச் சாணி மாதக்கணக்கில் அப்படியே காய்ந்து கிடந்தது, ஈ பெருகியது. ஜார்ஜ் போர்னமிசா என்ற ஹங்கேரிப் பூச்சியியலாளர் காரணத்தைக் கண்டு சொன்னார். பிறகு 1965 முதல் 1985 வரை, ஆப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் அரசு ஆய்வு நிறுவனம் வண்டுகளை வரவழைத்து விட்டது.

நம் ஊரிலோ மாட்டுச் சாணிக்குப் பழகிய வண்டுகள் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கின்றன. ஆனால் மாட்டுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்து சாணியோடு வெளியே வந்து, அதில் பிறக்கும் வண்டுப் புழுக்களைக் கொல்கிறது. நோய் வந்த மாட்டுக்கு மருந்து வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கால்நடை மருத்துவரைக் கேட்டு, தேவையான மாட்டுக்கு மட்டும் கொடுக்கலாம். கொடுத்த பின் கொஞ்ச நாள் அந்த மாட்டை மேய விடாமல் தொழுவத்திலேயே கட்டி, சாணியைக் குப்பைக் குழியில் சேர்க்கலாம். மழை விழுந்து வண்டுகள் கிளம்பும் சமயத்தில் இந்தக் கவனம் மிக அவசியம்.

“பார்க்கணும்னா காட்டுக்குள்ள போகணுமா?”

வேண்டாம், அது யானை நடமாடும் மலையடிவாரம். மாடு மேய்கிற கண்மாய்க் கரை போதும். ஈரம் காயாத சாணியாகப் பார்த்து, நிழல் விழாமல் தள்ளி உட்கார்ந்து அரை மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். பிறகு குச்சியால் மெல்லப் புரட்டிப் பார்த்துவிட்டு, இருந்தபடியே மூடிவிட வேண்டும்.

மறுநாள் காலை இருவரும் போனோம். தம்பி செல்போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தான். முக்கால் மணி நேரம் கழித்துச் சாணியைப் புரட்டி, தரையில் இருந்த வளைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். பதினொன்று. “அண்ணாச்சி, இதுல ஒண்ணு இப்பத்தான் மண்ணத் தள்ளுது” என்றான் மெதுவாக, வண்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.