வேல்ஸ் நாட்டாரும் அவர்தம் தாய்மொழியும்

உலகமனைத்தும் ஒரு பெருஞ் சந்தையாகிவரும் இக்காலத்தில், சிறிய ஜனசமூகங்கள் தம் மொழியையும் மரபையும் எங்ஙனம் காத்துக்கொள்ளும் என்னும் வினா கீழ்நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. மேல்நாட்டார் யாவரும் ஒரு படித்தானவர் என்றும், பிறர் நாகரிகத்தை மாற்றுவரேயன்றித் தம்முடையதை இழக்கும் அச்சத்தை அவர் அறியார் என்றும் நம்மிற் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பொருந்தாதென்பதை இங்கிலாந்தின் மேற்கெல்லையை அடுத்துள்ள வேல்ஸ் நாட்டின் வரலாறு தெளிவுறுத்தும். முப்பத்தோரிலட்சம் மக்களே வாழும் அச்சிறு நாடு, உலக வாணிகத்தின் நன்மை தீமை இரண்டையும் முழுதும் நுகர்ந்த நாடாகும்.

வேல்ஸ் மொழி ஆங்கிலத்தின் கிளைமொழி அன்று; கெல்டிய இனத்தைச் சார்ந்த தனிமொழி; ஆங்கிலேயர் பிரிட்டன் தீவிற் குடியேறுமுன் அங்கு வழங்கிய மொழியின் வழித்தோன்றல். 1282-இல் வேல்ஸ் அரசன் லுவெலின் போரில் மடிந்தபின் அந்நாடு இங்கிலாந்தின் ஆட்சிக்குட்பட்டது. 1536-ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலம் ஒன்றே நீதிமன்றங்களில் வழங்கவேண்டும் என்றும், அம்மொழி வழங்காதார் உத்தியோகம் வகித்தலாகாது என்றும் விதித்தது. அரசவையை இழந்த மொழி நாளடைவிற் பேச்சு வழக்காய்த் தேய்ந்தொழிதல் இயல்பு. ஆயினும் இம்மொழி ஒழிந்திலது. அதற்குக் காரணம் யாதெனின், 1588-இல் வில்லியம் மார்கன் என்பார் வேத புத்தகம் முழுவதையும் வேல்ஸ் மொழியிற் பெயர்த்து அச்சிட்டமையேயாம். அரசவை கைவிட்ட மொழிக்கு ஆலயம் புகலிடமாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டிற் கிரிபித் ஜோன்ஸ் என்னும் குருவானவர் ஊர்தோறும் சிலமாதம் நடந்து பின் அடுத்த ஊருக்குப் பெயரும் பள்ளிகளை நிறுவி, சிறுவரும் முதியோருமாகிய பெருந்திரளான ஏழை மக்களுக்குத் தாய்மொழியிற் படிக்கக் கற்பித்தார்.

இந்நிலையில் நிலக்கரி வந்தது. வேல்ஸின் தென்பகுதிப் பள்ளத்தாக்குக்களில் வெட்டிய கரி, கார்டிப், பாரி என்னும் துறைமுகங்களின் வழியே உலகத்தின் கப்பல்கட்கெல்லாம் உணவாயிற்று. 1913-இல் அச்சுரங்கங்கள் ஐந்தரைக் கோடி டன்னுக்கு மேற்பட்ட கரியை ஈந்தன. இவ்வாணிகம் மொழிக்கு ஊறு செய்ததோ உதவி செய்ததோ எனின், இரண்டும் செய்தது என்க. அயர்லாந்தின் ஏழை உழவர் பிழைப்பை நாடிக் கடல்கடந்து சென்றனர். வேல்ஸ் உழவரிற் பலரோ தம் நாட்டிலேயே சுரங்கங்களில் வேலை பெற்றுத் தம் மொழி பேசும் சுற்றத்தோடு வாழ்ந்தனர். பத்திரிகைகளும் பாடற்குழுக்களும் அத்தொழில்வளத்தாற் செழித்தன. ஆயினும் அதே கரி அயல்நாட்டுத் தொழிலாளரையும் திரள்திரளாக ஈர்த்தது. மக்கட்டொகை பெருகப் பெருக, அதில் வேல்ஸ் மொழியாளர் பங்கு குறைந்தது. 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அம்மொழி பேசுவோர் ஏறக்குறையப் பத்திலட்சம் பேர். எனினும் நூற்றுக்கு 43 பேரே. முதல் உலகப்போருக்குப் பின் கரி வாணிகம் வீழ்ந்தபோது, ஏறத்தாழ நான்கிலட்சம் பேர் வேலை தேடி நாட்டை விட்டு வெளியேறினர்.

இதனினும் பெரிய கேடு மக்கள் மனத்தகத்தே விளைந்தது. 1846-இல் அரசாங்கம் வேல்ஸின் கல்விநிலையை ஆராயுமாறு மூவரை விடுத்தது. அம்மொழியறியாத அவர்கள், மக்களின் அறியாமைக்கும் ஒழுக்கக்கேட்டிற்கும் தாய்மொழியே காரணம் என அறிக்கை எழுதினர். அவ்வறிக்கையின் அட்டை நிறங் கருதி அதனை 'நீலப்புத்தகத் துரோகம்' என நாட்டார் இன்றும் இகழ்வர். ஆனால், இகழ்ந்தோரே அதனை உள்ளத்தில் நம்பவும் செய்தனர். பள்ளிகள் பலவற்றில், தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவர். அப்பிள்ளை அதனை அடுத்துப் பேசும் பிள்ளையின் கழுத்துக்கு மாற்றும். பொழுது சாயும்போது அதனை அணிந்திருக்கும் பிள்ளைக்கு அடி விழும். இஃது அரசாங்கச் சட்டத்தின்படி நிகழ்ந்ததன்று. தம் மக்கள் ஆங்கிலம் கற்று முன்னேறவேண்டும் என விழைந்த பெற்றோர் பலர் இதற்கு உடன்பட்டிருந்தனர் என்பதே நினைக்கத் தக்கது. பகைவன் பறிக்கும் மொழியை மீட்கலாம். பெற்றோரே பயனற்றதென விடுத்த மொழியை மீட்டல் அரிது.

ஆயினும் அவ்வரிய முயற்சியும் தொடங்கிற்று. 1939-இல் அபெரிஸ்ட்வித் நகரில் ஏழு மாணவரோடு முதல் வேல்ஸ்மொழித் தொடக்கப்பள்ளி திறக்கப்பெற்றது. 1957-இல், லிவர்ப்பூல் நகரத்தின் நீர்த்தேவைக்காகத் திரவெரின் பள்ளத்தாக்கில் அணைகட்டப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியபோது, வேல்ஸ் உறுப்பினருள் ஒருவரேனும் அதற்கு ஆதரவாக வாக்களித்திலர். எனினும் 1965-இல் காப்பெல் கெலின் என்னும் சிற்றூர், பள்ளியும் ஆலயமும் இடுகாடும் உட்பட, நீரில் மூழ்கிற்று. 1962-இல் ஸாண்டர்ஸ் லூயிஸ் என்னும் எழுத்தாளர் வானொலியிற் பேசியபோது, நிலைமை இங்ஙனமே செல்லின் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஸ் உயிருள்ள மொழியாய் இராது என எச்சரித்தார். அவ்வுரையால் எழுச்சியுற்ற இளைஞர் அவ்வாண்டிலேயே மொழிச்சங்கம் நிறுவிச் சிறை செல்லவும் துணிந்தனர். 1980-இல் க்வின்வர் எவன்ஸ் என்னும் தலைவர், தம் மொழிக்குத் தனித் தொலைக்காட்சி அளிக்கப்படாவிடின் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பதாக அறிவித்தார்; அரசாங்கம் இணங்கிற்று; 1982-இல் அந்நிலையம் தொடங்கிற்று. 1997-இல் 6,721 வாக்குக்கள் மிகுதியால் நாட்டுக்குத் தனிச் சட்டசபை கிடைத்தது. 2011-இல் வேல்ஸ் மொழி உத்தியோக மொழி என்னும் நிலை பெற்றது.

இவ்வெழுச்சியை அயலாரை வெறுக்கும் குறுகிய தேசாபிமானம் என்று சிலர் கூறுவர். அது முற்றும் உண்மையன்று. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலகுவதுபற்றி வாக்கெடுத்தபோது, வேல்ஸில் நூற்றுக்கு 52 பேர் விலகலையே விரும்பினர். ஆயின், தாய்மொழி வலுவுற வழங்கும் குவினெத், கெரெடிகியன் என்னும் மாவட்டங்கள் ஒன்றியத்தில் நிலைத்தலையே நாடின. அம்மொழி மிகவும் குன்றிப்போன பழைய சுரங்கப் பள்ளத்தாக்குக்களோ விலகலை நாடின. அம்மொழி வழங்கும் ஆங்லிஸி, கார்மார்த்தன் பகுதிகளும் விலகலையே விரும்பினமையால், இதனை ஒரே சூத்திரத்தில் அடக்கல் இயலாது. எனினும் ஒன்று துணியலாம்: தன் மொழியிற் காலூன்றியவன் உலகத்தை அஞ்சியே தீரவேண்டும் என்பதில்லை. 1865-இல் தென் அமெரிக்காவின் பட்டகோனியாவிற் குடியேறிய வேல்ஸ் மக்களின் வழியினர் இன்றும் அங்கு அம்மொழியைப் பேணிவருகின்றனர். நம் நாட்டிலும், 1841-இற் சிரபுஞ்சிக்கு வந்த தாமஸ் ஜோன்ஸ் என்னும் வேல்ஸ் மிஷனரி, காஸி மொழியை ரோம எழுத்துக்களில் எழுதும் முறையை அமைத்தார். தன் தாய்மொழியின் அருமையறிந்தவன் பிறர் மொழியின் அருமையையும் அறிவான் போலும்.

முடிவு இனிதென்று கூற இன்னும் காலம் வந்திலது. 2050-க்குள் வேல்ஸ் பேசுவோரைப் பத்திலட்சமாக்குதல் என 2017-இல் அந்நாட்டு அரசாங்கம் குறிக்கோள் வகுத்தது. 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலோ அவர் தொகை 5,38,000 அளவினதே. நூற்றுக்கு 18 பேருக்குச் சிறிது குறைவு. தலைநகராகிய கார்டிபில் அவர் விகிதம் உயர்ந்தது. மொழியின் பழைய நிலைக்களமாகிய கார்மார்த்தன் பகுதியில் தாழ்ந்தது. கடற்கரைச் சிற்றூர்களில் வெளியூர்ச் செல்வர் விடுமுறைக்கென வீடுகளை வாங்க, விலையேற்றத்தால் உள்ளூர் இளைஞர் குடிபெயர்கின்றனர். பள்ளியிற் கற்ற மொழி வீட்டிலும் கடைத்தெருவிலும் வழங்குமோ என்பதே அவர் முன் நிற்கும் கேள்வி.

மாணவ நண்பர்காள்! ஆங்கிலம் கற்றலை வேல்ஸ் மக்கள் கைவிட்டிலர், கைவிடவும் வேண்டியதில்லை. உலகத்தோடு வாணிகம் செய்ய ஒரு மொழியும் மக்களைத் தாலாட்ட ஒரு மொழியும் உடையராதல் தாழ்வன்று. தாலாட்டும் மொழி வாணிகத்திற்கு உதவாதென நாணும் அந்நாளே அதற்கு இறுதிநாள் என்பதை அவர் வரலாறு உணர்த்துகின்றது. சட்டமும் சபையும் ஒரு மொழிக்கு வேலியிடலாம். அவ்வேலிக்குள் நாள்தோறும் நீர்வார்த்தல் அதனைப் பேசுவோர் கடமையேயாம்.