நிலத்தடி நீரும் ஏரி நீரும்

நீர்வளம் என்றவுடன் மனக்கண்ணில் தோன்றுவது அலை மோதும் ஏரியோ, நிறைந்து வான்பாயும் குளமோதான். கண்ணுக்குப் புலனாவதையே பெரிதென எண்ணுவது மனித இயல்பு. ஆயினும், உலகின் நன்னீரை அளவிட்ட அறிஞரின் கணக்கு வேறாக இருக்கிறது. நன்னீர் ஏரிகள் அனைத்திலும் உள்ள நீர் ஏறத்தாழ 91,000 கன கிலோமீற்றர். நிலத்தின் கீழ் மறைந்துள்ள நன்னீரோ ஒரு கோடி கன கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. ஏரிகளுள் மிக அதிக நன்னீரைக் கொண்டது சைபீரியாவின் பைக்கால் ஏரி. அதன் நீர் முழுவதும் நிலத்தடி நன்னீரில் நானூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

நிலத்தடி நீர் என்பது பாதாளத்தில் ஓடும் ஆறு அன்று. மணற்பரல்களின் இடைவெளிகளிலும் பாறைகளின் வெடிப்புகளிலும் நிறைந்து நிற்கும் நீரே அது. ஏரி நீரை வெயில் உறிஞ்சும். மண்ணுக்கடியிலுள்ள நீர் பெரும்பாலும் அவ்விழப்புக்குத் தப்பிவிடும். ஆனால், ஆழத்திலுள்ள நீர் மிக மெதுவாகவே புதுப்பிக்கப்படுகிறது. அதற்கு நூற்றுக்கணக்கான, சிலவிடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செல்லும். ஆகவே, இருப்புப் பெரிது என்பதனால் வரவும் பெரிது எனக் கொள்ளுதல் தவறு.

இவ்வேறுபாட்டை இலங்கையின் வடபகுதியில் அருகருகே காணலாம். கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் கனகராயன் ஆற்று நீரைத் தேக்குகிறது. அதன் நீர் குறைவதை உழவர் கண்ணால் கண்டு பயிரைத் திட்டமிடுவர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. அங்கு மாரிமழை சுண்ணாம்புக்கற் பாறையினுள் இறங்கித் தங்குகிறது. உவர்நீர் நன்னீரினும் கனமானதாதலால், நன்னீர் அதன்மேல் ஒரு வில்லையைப்போல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவர் தனித்தனியே கண்ட விதி இது. புத்தூரின் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்கு நல்ல சான்று.

இவ்விதியின் மறுபக்கமே அச்சம் தருவது. இறைப்பு மிகுந்து மேல்மட்டம் ஓர் அடி தாழுமாயின், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி வரை மேலெழக்கூடும். வற்றும் குளம் தன் அடித்தரையைக் காட்டி எச்சரிக்கும். கிணறோ நீர் நிறைந்திருக்கும்போதே உவர்ப்பாகிவிடும். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே இறைப்புக்கு ஓர் எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் களைப்பதில்லை. தோட்டங்களுக்கு அளவுக்கு மிஞ்சி இடும் உரமும் மழைநீருடன் இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றை அடைகிறது. ஆழத்தில் மாசுற்ற நீரைத் தூய்மையாக்குவது எளிதன்று.

ஆகவே, குளத்தையும் கிணற்றையும் வெவ்வேறு செல்வங்களாக எண்ணலாகாது. குடாநாட்டின் சிறு குளங்களும் கேணிகளும் மழைநீரைத் தடுத்து நிறுத்தி நிலத்தினுள் அனுப்பும் வாயில்கள். அவை தூர்ந்துபோனால், மழைநீர் வீணே கடலைச் சேரும்; அடுத்த கோடையில் கிணறு அக்குறையைக் காட்டும். குளத்தைத் தூர்வாரிக் காப்பதும், மாரி தந்த அளவறிந்து கோடையில் இறைப்பதுமே கண்ணுக்குத் தெரியாத அந்த ஏரியைக் காக்கும் வழி.