நண்பர் ஆய்வுக்கு அழைத்தால் என்ன செய்யலாம்?

நோயுற்ற துணைவரை வீட்டில் தனியே கவனித்துக்கொள்பவர்களைச் சுகாதார ஆய்வாளர்கள் எளிதில் சந்திக்க முடிவதில்லை. அவர்களுக்கென முழுமையான பெயர்ப் பட்டியல் இல்லை. ஆனால், அவர்களில் ஒருவருக்கு மற்றொருவரைத் தெரிந்திருக்கும். எனவே, ஆய்வில் பங்கேற்றவர் மூலமாகவே மற்றவர்களை அழைக்கும் முறை உள்ளது. அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் 1997ஆம் ஆண்டில் இதை விளக்கினார். இப்போது கைப்பேசி வழியாகவும் அழைப்பு வரலாம்.

இது எப்படி நடக்கிறது?

• ஒருவருக்குச் சில அழைப்புகளே, பெரும்பாலும் மூன்று, கொடுக்கப்படும். ஒரே நட்பு வட்டம் ஆய்வை நிரப்பிவிடாமல் இருக்கவே இந்த வரம்பு.

• அழைப்பில் ஒரு குறியீட்டு எண் இருக்கும். நண்பர் உங்கள் பெயரை ஆய்வாளரிடம் தரத் தேவையில்லை. விரும்பினால் நீங்களே தொடர்புகொள்ளலாம்.

• "உங்களைப் போன்ற பராமரிப்பாளர்கள் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்பார்கள். எண்ணிக்கை மட்டும் போதும். பலருக்கு அறிமுகமானவர்களே அதிகம் அழைக்கப்படுவார்கள். கணக்கிடும்போது அதைச் சரிசெய்ய இந்த எண் உதவும்.

சேருவதற்கு முன்

• அழைப்பு அனுப்பிய நண்பரிடம் பேசி உறுதிசெய்யுங்கள்.

• ஆய்வை நடத்துவது யார், உங்கள் தகவல்களை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள்.

• சிங்பாஸ் அல்லது வங்கி மறைச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799ஐ அழையுங்கள்.

• விருப்பமில்லை என்றால் மறுக்கலாம். இடையிலும் விலகலாம்.

நீங்கள் ஒருவரை அழைக்கும்போது, வாட்ஸ்அப் குழுவில் போடாமல் அவருக்கு மட்டும் அனுப்புங்கள். தம் வீட்டு நிலைமையைப் பிறரிடம் சொல்வதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு.