மூன்று சுவர் வீடு

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் வரும் வீட்டை உற்று நோக்கியதுண்டா? பெரும்பாலும் அவ்வீட்டிற்கு மூன்று சுவர்களே இருக்கும். நான்காவது சுவர் இருக்கவேண்டிய இடத்தில் படக்கருவிகள் நிற்கும். அதனாலேயே அங்குள்ளோர் உணவு மேசையின் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு அமர்வர்.

1951இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஐ லவ் லூசி' என்னும் தொடரை மூன்று கருவிகள் ஒரே நேரத்தில் படம்பிடித்தன. அவற்றிற்குப் பின்னே அமர்ந்திருந்த மக்களின் சிரிப்பும் ஒலிப்பதிவாயிற்று. அக்காலப் படம் கறுப்பு வெள்ளை. சிவப்பும் பச்சையும் ஒளியின் அளவில் ஒத்திருந்தால் அதில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். ஆகவே அரங்கையே சாம்பல் நிறத்தின் பல சாயல்களில் தீட்டினர். 1964இல் வந்த 'ஆடம்ஸ் ஃபேமிலி' தொடரிலோ, இருண்ட பேய்வீடாகத் தோன்றிய கூடத்தின் சுவர் உண்மையில் இளஞ்சிவப்பு! நம் நாட்டிலும் 1978 டிசம்பர் வரை தொலைக்காட்சி கறுப்பு வெள்ளையே. நம் பாட்டிமார் எத்தனை இளஞ்சிவப்புச் சுவர்களைக் கண்டு அஞ்சினரோ!

தமிழில் இக்கலைக்குச் சிறந்த சான்று, கே. வி. ரெட்டி இயக்கி 1957இல் வெளிவந்த 'மாயா பஜார்' திரைப்படம். அதில் காணும் துவாரகை மாநகர், சென்னை விஜயா வாகினி படப்பிடிப்பு நிலையத்தில் 50 அடிக்கு 60 அடி இடத்தில் ஏறத்தாழ 300 சிறு வீடுகளை வைத்து அமைக்கப்பெற்றது. ஒரு லயத்தின் நீளம்கூட இல்லாத இடத்தில் ஒரு மாநகர்! படக்கருவிக்கு ஒரே கண் ஆதலின், அருகிலுள்ள சிறியதும் தொலைவிலுள்ள பெரியதும் அதற்கு ஒன்றாகவே தெரியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை நீட்டுங்கள். கிளேடாங் மலையுச்சி மறைந்துவிடும்.

அப்படத்தில் கடோற்கசனாக எஸ். வி. ரங்கா ராவ் விருந்துண்ணும் காட்சியை யார் மறப்பர்? பண்டங்கள் தாமே அவர் வாய்க்குள் செல்லும். இத்தகைய திரைமாயங்கள் பலவற்றின் அடிப்படை எளியது: கருவியை நிறுத்தி, பொருளை நகர்த்தி, மீண்டும் ஓடவிடுதல். அதுவரை நடிகர் அசையலாகாது. சிறு வீடுகளைச் செய்த தச்சரையும் வண்ணந்தீட்டியோரையும் நாம் திரையில் காண்பதில்லை. கண்ணை ஏமாற்றியது அவர்தம் கைகளே.

பொருளே இல்லாமலும் காட்சி அமையும். 1964இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் தம் தந்தையாக நடித்த பாலையாவிற்குத் திகில் கதை சொல்வார். பேயுமில்லை, பாழடைந்த மாளிகையுமில்லை. வாயொலியும் பாலையாவின் நடுங்கும் முகமுமே உண்டு. நாடகத்தில் நடிக்கவிருக்கும் மாணவர் இதைப் பன்முறை பார்த்தல் நலம்.

அடுத்த ஆண்டு விழா நாடகத்திற்கு ஈப்போவிலிருந்து அரண்மனைத் திரைச்சீலையை வாடகைக்கு எடுக்க, வீட்டிற்கு இவ்வளவு என வசூலிக்கலாமா எனப் பெற்றோர் சிலர் வினவினர். வேண்டாம் என்பதே எமது கருத்து. பால்மரம் வெட்டியும் புல்வெட்டியும் ஈட்டிய பணம் ஓர் இரவுத் துணிக்குச் செல்லலாகாது. மூங்கிற்சட்டம், கோணிச்சாக்கு, பழைய நாளிதழ், மாவுப்பசை, சுண்ணாம்பு ஆகியவை போதும். ஆனால் ஒன்று: படக்கருவிக்கு ஒரு கண், நம் கொட்டகையிலோ நூற்றுக்கணக்கான கண்கள். ஓரத்து வரிசையில் அமர்வோர்க்கு அரண்மனையின் முதுகு தெரியும். ஆதலின் இருபுறமும் ஒவ்வொரு தட்டி கூடுதலாக வேண்டும். மூங்கில் பிளக்கத் தெரிந்த தோழர்கள் பள்ளி அலுவலகத்தில் பெயர் கொடுத்துவைப்பாராக.