15 வாக்குகளில் முடிந்த விசாரணை

1977 முதல் 1995 வரை டெட்ராய்ட் நகரத்துப் பேஸ்பால் அணிக்காக இரண்டாம் பேஸைக் காத்து, 2369 ஹிட்களும் 244 ஹோம் ரன்களும் சேர்த்து, 1984ஆம் ஆண்டின் உலகத் தொடரை வென்ற அணியில் முதல் ஆளாக மட்டை பிடித்த இன்ஃபீல்டர் ஒருவருக்குக் கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்தில் இடம் உண்டா என்னும் விவாதம், அவர் ஆட்டத்திலிருந்து விடைபெற்று முப்பது ஆண்டுகள் சென்ற பின்னும் அமெரிக்காவில் ஓய்ந்தபாடில்லை. உண்டு என்பதே என் திடமான அபிப்பிராயம்.

இன்ஃபீல்டரின் சாமர்த்தியத்தில் பெரும்பகுதி ஏட்டில் ஏறுவதில்லை. முதல் பேஸிலிருந்து ஓடிவரும் எதிரணிக்காரர் அவருடைய காலையே குறிவைத்து மண்ணில் சறுக்கி வருகிற அதே க்ஷணத்தில், ஷார்ட் ஸ்டாப் தள்ளிவிட்ட பந்தை வாங்கி, பேஸை மிதித்து, உடலைத் திருப்பி, முதல் பேஸுக்கு எறிந்து இருவரை ஒருசேர வெளியேற்றும் 'டபுள் ப்ளே' என்னும் வித்தையை, ஏறத்தாழ இருபது பருவங்கள் அவர் ஒரே நண்பரோடு பயின்றார். பாஸ்டனில் ஒரே நாளில் அரங்கேறிய அவ்விருவரும் 1918 ஆட்டங்களில் சேர்ந்து ஆடியது அமெரிக்கன் லீகின் சாதனை. ஷார்ட் ஸ்டாப் நண்பர் 2018இல் மண்டபத்துள் பிரவேசித்தார். இவரோ இன்னும் வாயிலுக்கு வெளியே.

மூவாயிரம் ஹிட்களை எட்டவில்லை, அடி சராசரி .276தான் என்று ஆட்சேபிப்பாரும் உண்டு. 1197 முறை பொறுமையோடு நின்று, பந்தை அடிக்காமலே முதல் பேஸுக்குச் செல்லும் 'வாக்' பெற்ற மனிதரை அந்த அளவுகோல் மட்டும் அளந்துவிடாது.

எனினும் என்னை வாட்டுவது அவருடைய தகுதியைப் பற்றிய சந்தேகமன்று. 5 சதவீத விதியே. மண்டபத்துள் நுழையப் பத்திரிகையாளர் வாக்குகளில் 75 சதவீதம் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் 5 சதவீதத்தைத் தொடாதவரின் பெயர் முதல் ஆண்டிலேயே பட்டியலிலிருந்து அகற்றப்படுகிறது. ஒருவர் பத்துப் பெயர்களுக்கு மேல் எழுதலாகாது என்ற வரம்பும் இருக்கையில், 'இவரை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம்' என்று நல்லெண்ணத்தோடு ஒத்திவைப்பவர்களாலேயே ஒரு மனிதரின் கீர்த்தி அஸ்தமித்துவிடக்கூடும். 2001இல் அவருக்கு விழுந்தவை 15 வாக்குகள், அதாவது 2.9 சதவீதம். அடுத்த ஆண்டு என்பதே அவருக்கு வரவில்லை. 2002இல் 15.7 சதவீதத்தோடு தொடங்கிய நண்பரோ, 15 ஆண்டுகள் பட்டியலில் நின்று, ஆண்டுதோறும் பேசப்பட்டு, 40.9 சதவீதம் வரை உயர்ந்தார். அவரும் 75ஐ எட்டவில்லை என்றாலும், அத்தனை காலம் நடந்த விவாதமே பின்னர், பட்டியலிலிருந்து நீங்கியவர்களை மீண்டும் பரிசீலிக்கும் மூத்தோர் குழுவின் கவனத்தை அவர்பால் ஈர்த்தது என்று நான் நம்புகிறேன். அந்த விவாதம் இவருக்கு மறுக்கப்பட்டது.

2019இல் 16 பேர் அடங்கிய அந்த மூத்தோர் குழுவில் 12 வாக்குகள் தேவைப்பட்டபோது இவர் பெற்றவை ஆறு. 2022இல் டெட்ராய்ட் அணி அவருடைய 1ஆம் எண்ணை இனி வேறெவரும் அணியலாகாதென ஒதுக்கிக் கௌரவித்தது. அவரோ 1957இல் பிறந்தவர்; அவர் ஆட்டத்தைக் கண்ணாரக் கண்டு சாட்சி சொல்லவல்லவர்களும் மூப்படைந்து வருகிறார்கள். ஆகவே, குழு மீண்டும் கூடுகையில் அவர் பெயர் அதன் முன் வைக்கப்பட வேண்டும். எவ்வளவு குறைந்த வாக்கு பெற்றாலும் மூன்று ஆண்டுகளேனும் ஒருவர் பெயர் பட்டியலில் நிற்கும்படி அந்த விதியும் திருத்தப்பட வேண்டும்.